பௌர்ணமிக்கு குமரிமுனைக்கு வாங்க: புத்தரோட நாள்காட்டிய வானத்துல படிக்கிறது எப்படின்னு சொல்றேன்

கன்னியாகுமரிக்கு வாற ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப்பேரு கேக்குற கேள்வி, "இங்க புத்தர் சம்பந்தமா பாக்க ஏதாவது இருக்கா?" அப்டிங்கறதுதான். நாகப்பட்டினம், காஞ்சிபுரம் மாதிரி பௌத்தத்துல பேரு வாங்குன ஊரு இல்ல இது, சாஞ்சி மாதிரி ஸ்தூபியும் இங்க கெடையாது. ஆனா பௌத்த நாடுகள்ல பெரிய விசேஷம் முக்காவாசி பௌர்ணமி அன்னைக்குதான் வரும், அந்த பௌர்ணமி நெலா கடல்ல இருந்து ஏறுறத ஒரு பக்கமும் சூரியன் இறங்குறத மறுபக்கமும் ஒரே எடத்துல நின்னு பாக்கணும்னா நம்ம முனைய விட்டா வேற எடம் எனக்குத் தெரியாது. நான் நாகர்கோவில்காரன், கொழும்புல ரெண்டு வருஷம் வேல பாத்தேன், அங்க வெசாக்ங்கற புத்தர் விழாவ பாத்ததுக்கு அப்பறம்தான் சின்ன வயசுல இருந்து பாத்துட்டு இருந்த நம்ம ஊரு நெலாவ வேற கண்ணோட பாக்க ஆரம்பிச்சேன். புதுசா வாறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன்.

முதல்ல தேதி

இதுலதான் எல்லாரும் குழம்புவாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

புத்த பூர்ணிமான்னு நாம சொல்றதும் இலங்கைக்காரங்க வெசாக்னு சொல்றதும் வைசாக மாசத்து பௌர்ணமி. புத்தர் லும்பினில பொறந்தது, புத்தகயால ஞானம் கெடச்சது, குசிநகர்ல உயிர் நீத்து பரிநிர்வாணம் அடஞ்சது, மூணுமே இந்த ஒரே பௌர்ணமில நடந்ததுன்னு இலங்கை, தாய்லாந்து பக்கம் உள்ள தேரவாதம்ங்கற பௌத்த மரபு சொல்லுது. 1999 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபையே இந்த நாளுக்கு அங்கீகாரம் குடுத்துச்சு.

வைசாகம்னா நம்ம வைகாசிதானேன்னு நெனப்பீங்க. அங்கதான் சிக்கல். நம்ம தமிழ் மாசம் சூரியன வச்சு ஓடுது, ஏப்ரல் 14 சுமாருக்கு சித்திரை, மே 14, 15 சுமாருக்கு வைகாசி. வைசாக மாசம் நெலாவ வச்சு ஓடுறது. அதனால வைசாக பௌர்ணமி மே பாதிக்கு முன்னாலயே வந்துட்டுன்னா நமக்கு அது சித்ரா பௌர்ணமி, அதே நாளு அவங்களுக்கு புத்த பூர்ணிமா. 2023ல மே 5, 2025ல மே 12, ரெண்டு வருஷமும் இப்படி ஒண்ணா வந்துச்சு. 2024ல பாத்தீங்கன்னா ஏப்ரல் 23 சித்ரா பௌர்ணமி, ஒரு மாசம் கழிச்சு மே 23 புத்த பூர்ணிமா, அந்த வருஷம் அது நம்ம வைகாசி விசாகத்தோட ஒட்டி வந்துச்சு. கன்னியாகுமரி பகவதி அம்மனுக்கு வைகாசில பத்து நாள் திருவிழா, தேரு எல்லாம் உண்டு, அப்போ வந்தீங்கன்னா ஊரே களையா இருக்கும்.

மாசத்துக்கு பேரு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சிக்கிட்டா இது இன்னும் சுளுவு. அந்த மாசத்து பௌர்ணமி நெலா எந்த நட்சத்திரத்துக்கு பக்கத்துல நிக்குமோ அதுதான் பேரு. சித்திரை நட்சத்திரத்துகிட்ட நின்னா சித்திரை, விசாகத்துகிட்ட நின்னா வைகாசி, மகம்னா மாசி, கார்த்திகைன்னா கார்த்திகை. நட்சத்திரம் மாறல, நெலா மாறல, ஒவ்வொரு ஊரும் அதுக்கு வச்ச கதைதான் வேற.

மத்த பௌர்ணமிகளையும் குறிச்சு வச்சிக்கோங்க. மாசி பௌர்ணமி தாய்லாந்துல மாக பூஜை, முன்கூட்டி யாரும் கூப்பிடாமலே 1250 பிக்குகள், அதாவது பௌத்த துறவிகள், புத்தர பாக்க வந்து கூடுன நாளுன்னு கொண்டாடுறாங்க. ஜூன் பௌர்ணமி இலங்கைல பொசன், அசோகருக்க மகன் மகிந்தர் மிஹிந்தலைக்கு வந்து பௌத்தத்த சொன்ன நாளு. ஜூலைல வாறது சாரநாத்துல புத்தர் முதல் உபதேசம் செஞ்ச நாளு. நவம்பர்ல தாய்லாந்துல லோய் கிரதோங், வாழத்தண்ட வட்டமா நறுக்கி பூவும் மெழுகுதிரியும் வச்சு ஆத்துல விடுவாங்க, அந்த நேரத்துலதான் நமக்கு கார்த்திகை விளக்கும் வருது. இலங்கைல ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, கவர்மெண்ட் லீவு, அன்னைக்கு மதுக்கடை தொறக்க மாட்டாங்க. போயாங்கற வார்த்தை உபோசதம்னு பாளி மொழில உள்ளதுல இருந்து வந்தது, அன்னைக்கு ஜனங்க வெள்ளை உடுத்து விகாரைல, அதாவது பௌத்தக் கோவில்ல உக்காந்து எட்டு சீலம்ங்கற ஒழுக்க விதிகள எடுப்பாங்க. நம்ம பழைய தமிழ்ல பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சேத்து உவான்னு ஒரு சொல்லு உண்டு. விளவங்கோடு பக்கம் இன்னும் வாவுன்னு சொல்றாங்க, குழித்துறைல ஆடி அமாவாசைக்கு வாவுபலி, அதோட பொருட்காட்சியும் வருஷா வருஷம் நடக்கு.

இனி தேதிய எப்படி சரியா தேர்ந்தெடுக்கணும்னு சொல்றேன், இத யாரும் சொல்லித்தர மாட்டாங்க. வீட்டு தினசரி காலண்டர எடுங்க. பௌர்ணமி திதி எத்தன மணிக்கு முடியுதுன்னு போட்டிருக்கும். திதி முடியுற அந்த நேரம்தான் நெலாவும் சூரியனும் நேருக்கு நேர் எதிர்ல நிக்கிற நேரம். அது அன்னைக்கு ராத்திரியோ மறுநா விடியக்காலமோ முடிஞ்சா, அன்னைக்கு சாயங்காலம் அருமையான நேரம், சூரியன் முழுசா இறங்குறதுக்கு கொஞ்சம் முன்னாலயே நெலா வந்துரும், ரெண்டையும் சேத்து பாக்கலாம். காலைலயே திதி முடிஞ்சுட்டுன்னா அன்னைக்கு சாயங்காலம் நெலா கொஞ்சம் தாமசிச்சுதான் வரும். நெலா ஒவ்வொரு நாளும் சுமாரா 50 நிமிஷம் பிந்தி உதிக்கும். இது தெரியாம நான் ஒரு தடவ கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஃப்ரெண்டு குடும்பத்த பௌர்ணமிக்கு மறுநா கூட்டிட்டு போய் திரிவேணி சங்கமத்துல உக்கார வச்சேன், சூரியன் இறங்கி, இருட்டி, ஏழு மணி தாண்டி கொழந்தைங்க பசின்னு அழுது, திரும்பி நடக்க ஆரம்பிச்சதுக்கு அப்பறம்தான் கெழக்க செவப்பா எட்டிப் பாத்துச்சு. அவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு ரெண்டையும் சேத்து காட்ட முடியலியேன்னு எனக்கு இன்னும் வருத்தம்தான்.

எந்த பௌர்ணமி?

எல்லாரும் சித்ரா பௌர்ணமிக்குதான் வருவாங்க. கூட்டம் நெரியும், லாட்ஜ் வாடகை ஏறிரும், வண்டி நிறுத்த எடம் கெடைக்காது. அதுக்கு ஒரு தனி சிறப்பு உண்டு, இல்லன்னு சொல்லல. அன்னைக்கு நெலா நிக்கிற சித்திரை நட்சத்திரம் கன்னி ராசி நட்சத்திரக் கூட்டத்துலயே பிரகாசமானது. கன்னி தெய்வம் நிக்கிற கரைல, கன்னி ராசில நிக்கிற நெலாவ பாக்குறோம். இத முதல்ல யோசிச்சப்போ எனக்கு ஒடம்பு சிலிர்த்துட்டு.

ஆனா காட்சின்னு பாத்தா என் ஓட்டு மாசி பௌர்ணமிக்குதான். காரணம் இருக்கு. சித்திரைல சூரியன் நேர் மேக்குல இறங்காது, வடக்க சாஞ்சு இறங்கும், அதனால முனைல நின்னா பக்கத்துல உள்ள நம்ம கோவளம் கரைப்பக்கமா ஒதுங்கிப் போற மாதிரி இருக்கும், கடலுக்குள்ள முங்குறது முழுசா கெடைக்காது. மாசில சூரியன் தெக்க சாஞ்சு இறங்கும், அது தொறந்த கடலு. நெலா கெழக்க ஏறும், அதுவும் தொறந்த கடலு. ரெண்டு பக்கமும் தண்ணி. மழையும் முடிஞ்சிருக்கும், சித்திரை மாதிரி புழுக்கமும் மூட்டமும் அவ்வளவு இருக்காது. அன்னைக்கு நெலா பக்கத்துல மகம் நட்சத்திரம் நிக்கும், பாங்காக்ல அதே நேரம் மெழுகுதிரி புடிச்சிக்கிட்டு ஜனங்க விகாரைய மூணு சுத்து சுத்திட்டு இருப்பாங்க.

எங்க நிக்கணும், எப்ப வரணும்

நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி சுமாரா 20 கிலோமீட்டர், பஸ்ஸுக்கு பஞ்சமே இல்ல. நாலரை, அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க. காலைலயே வாறவங்க முதல்ல போட்டுல விவேகானந்தர் பாறைக்கு போயிட்டு வந்துருங்க, போட்டு சாயங்காலம் நெலா வாற வரைக்கும் ஓடாது. 1892 டிசம்பர் கடைசில விவேகானந்தர் தியானம் செஞ்ச பாறை அது, அடுத்த வருஷம் செப்டம்பர்ல சிகாகோ சபைல அவரு பௌத்தத்த பத்தியும் தனியா ஒரு நாள் பேசினாரு. தியான மண்டபத்துல பத்து நிமிஷம் பேசாம உக்காருங்க. அங்க இருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கு இப்போ 77 மீட்டர் நீளத்துக்கு கண்ணாடிப் பாலம் உண்டு, 2024 டிசம்பர் 30ல தொறந்தது. கடல் மோசமா இருந்தா போட்ட நிறுத்திருவாங்க, அத மட்டும் காலைலயே விசாரிச்சிக்கோங்க.

சாயங்காலம் திரிவேணி சங்கமம் பக்கமோ காந்தி மண்டபம் பக்கமோ, கெழக்கும் மேக்கும் ரெண்டும் மறைக்காத எடமா பாத்து உக்காருங்க. உயரத்துல நின்னு பாக்கணும்னா முருகன்குன்றம் உண்டு. காந்தி மண்டபத்துலயும் ஒரு வான விஷயம் இருக்கு, அக்டோபர் 2 அன்னைக்கு உச்சில காந்தி அஸ்தி வச்சிருந்த எடத்துல வெயில் நேரா விழுற மாதிரி கூரைல ஓட்டை வச்சு கட்டியிருக்காங்க.

ஏப்ரல், மே மாசம்னா ஆறரை மணி சுமாருக்கு சூரியன் இறங்கும். நெலா எந்த திசைலன்னு தேட வேண்டாம், இறங்குற சூரியனுக்கு நேரா முதுகு காட்டி நில்லுங்க, உங்க நெழலு நீண்டு போற பக்கம்தான். அடிவானத்துல மூட்டம் இருந்தா நெலா உதிச்சதும் கண்ணுக்கு தெரியாது, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு மூட்டத்துக்கு மேல இருந்துதான் எட்டிப் பாக்கும், முதல்ல கலங்கின ரோஸ் கலரு, பைய பைய பழுத்த நேந்திரம்பழத் தொலி நெறம், அப்பறம்தான் வெள்ளை. காத்துக்குள்ள ரொம்ப தூரம் கடந்து வாறதால நீல வெளிச்சம் சிதறிப் போயிரும், செவப்பு மிஞ்சும், அதுதான் காரணம். அப்போ பெருசா தெரியும் பாருங்க, அது கண்ணுக்க தோற்றம்தான். கைய நல்லா நீட்டி சுண்டுவிரல் நுனிய நெலாக்கு நேரா புடிங்க, முழுசா மறஞ்சிரும். ராத்திரி பத்து மணிக்கு நல்லா மேல ஏறுனதுக்கு அப்பறம் திரும்ப புடிச்சு பாருங்க, அதே விரல்தான், அதே அளவுதான் மறையும். கொழந்தைங்கள கூட்டிட்டு வந்தா இத கட்டாயம் செய்ய வைங்க, எங்க வீட்டு பிள்ளைங்க ஒரு தடவ செஞ்சதுல இருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மொட்டைமாடில விரல நீட்டிட்டு நிக்குதுங்க.

இந்தக் கரைக்கு நெலாவும் புத்தரும் தமிழ்ல ஏற்கனவே எழுதி வச்ச சொந்தம். மணிமேகலை காப்பியத்துல மணிபல்லவத்தீவு கோமுகிப் பொய்கைல இருந்து அமுதசுரபி மேல வாறது புத்தர் பொறந்த அதே வைகாசி நன்னாள்லதான். அந்தப் பாத்திரத்த முன்ன வச்சிருந்த ஆபுத்திரனுக்க அம்மா சாலி, வாரணாசில இருந்து கெளம்பி தான் செஞ்ச தப்பு தீர குமரில நீராட வந்தவ. காசில இருந்து நடந்தே வந்து இங்க முங்கணும்னு அந்தக் காலத்துலயே ஒருத்தி நெனச்சிருக்கா. கிரேக்க வணிகக் குறிப்புல கூட, சுமாரா முதலாம் நூற்றாண்டுல எழுதினது, கொமாரி முனைல ஆம்பளைகளும் பொம்பளைகளும் துறவா வந்து நீராடி தங்குறாங்கன்னு இருக்கு. சங்கமத்துல கால நனைக்கிறப்போ இத ஒரு நிமிஷம் நெனச்சு பாருங்க.

தண்ணில எறங்குறதுக்கு முன்னால

இத தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சூரியன், பூமி, நெலா மூணும் ஒரே கோட்டுல வாறதால கடல் ஏத்தம் அதிகமா இருக்கும். அதோட ஏப்ரல், மே மாசத்துல கள்ளக்கடல்னு ஒண்ணு வரும், நம்ம மீன்காரங்க வச்ச பேரு அது. ரொம்ப தூரத்துல, தெக்கு இந்தியப் பெருங்கடல்ல அடிக்கிற காத்துல உண்டாகுற அலை நாள் கணக்கா நடந்து இங்க வந்து சேரும். இங்க காத்து இருக்காது, மேகம் இருக்காது, வானம் தெளிவா கெடக்கும், கடல் மட்டும் திடீர்னு ஏறி கள்ளன் மாதிரி வந்து இழுத்துட்டு போயிரும். 2024 மே மாசம் நம்ம மாவட்டத்துல லெமூர் பீச்சுல அஞ்சு இளம் டாக்டர் பிள்ளைங்கள இப்படித்தான் பறி குடுத்தோம். ஹைதராபாத்துல உள்ள இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையம் எச்சரிக்கை விட்டா லோக்கல் செய்தில உடனே வரும், வாற அன்னைக்கு காலைல பாத்துட்டு வாங்க. எச்சரிக்கை இருந்தா கரைல கூட நிக்காதீங்க, அலைக்கு எட்டாத மேல் படிக்கட்டுல உக்காந்து பாருங்க, நெலா அங்கயும் அதே நெலாதான். சந்தேகம்னா பக்கத்துல வலை பின்னிட்டு இருக்குற அண்ணாச்சிய கேளுங்க, அவரு வேண்டாம்னு சொன்னா வேண்டாம்.

மறுநா காலைல சிதறால்

ராத்திரி நாகர்கோவில்லயோ மார்த்தாண்டத்துலயோ தங்கிட்டு விடிஞ்சதும் சிதறால் மலைக்கு போங்க. மார்த்தாண்டத்துல இருந்து கிட்டத்தட்ட 7, 8 கிலோமீட்டர். மலை மேல வரைக்கும் கல்லு பாவுன பாதை, ரெண்டு பக்கமும் முந்திரி மரமும் ரப்பரும். ஏழு மணிக்கு ஏறுனா வெயிலு தாக்காது. மேல கடை கெடையாது, தண்ணி கொண்டு போங்க.

இங்கதான் நிறைய பேரு "புத்தர் சிலை"ன்னு போட்டோ போடுறாங்க. அது சமணம். திருச்சாரணத்து மலைன்னு பழைய பேரு, 9ஆம் நூற்றாண்டுல ஆய் அரசன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, குணந்தாங்கி குரத்தின்னு ஒரு பெண் துறவி இங்க பொன் நகை குடுத்த விஷயம் அதுல வருது. குரத்தின்னா பெண் குரு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால நம்ம மலைல ஒரு பெண் குருவுக்க பேரு கல்லுல நிக்குன்னா எவ்வளவு பெரிய விஷயம். பின்னால 13ஆம் நூற்றாண்டு வாக்குல இது பகவதி கோவிலா மாறிச்சு.

புத்தரையும், சமணங்க வணங்குற ஞானிகளான தீர்த்தங்கரரையும் எப்படி பிரிச்சு அறியலாம்? முதல்ல உடுப்ப பாருங்க. புத்தர் மேல துவராடை, அதாவது காவி உடுப்பு இருக்கும், கல்லுல மெலிசா ஒரு கோடாவாவது நெஞ்சுக்கு குறுக்க போவும், கழுத்துகிட்டயோ மணிக்கட்டுகிட்டயோ கணுக்கால்கிட்டயோ துணி முடியுற விளிம்பு தெரியும். இங்க உள்ள தீர்த்தங்கரர் மேல துணியே இருக்காது. அடுத்தது தலைக்கு மேல, மூணு குடை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருந்தா, அதுதான் முக்குடை, சமணம்னு உறுதி பண்ணலாம். நின்ன நெலைல கை ரெண்டும் தொடையத் தொடாம நேரா கீழ தொங்கினாலும் சமணம்தான். நாகம் குடை புடிச்சிருந்தா மட்டும் கவனமா இருங்க, அது ரெண்டு பேருக்கும் உண்டு. ஞானம் கெடச்சதுக்கு அப்பறம் பெரிய மழை வந்தப்போ முசலிந்தன்னு நாகராஜா புத்தருக்கு படம் விரிச்சு காத்தான்னு பௌத்தக் கதை, அதுல புத்தர் நாகத்துக்க சுருள் மேல உக்காந்திருப்பாரு. சமணத்துல பார்சுவநாதருக்கு நாகம். சிதறால்ல நிக்கிறது பார்சுவநாதர், பின்னால நாகம் எழும்பி நிக்கும். அந்த வரிசைலயே அம்பிகாங்கற சமண யட்சிய தேடுங்க, பக்கத்துல சிங்கமும் கொழந்தைங்களும் இருக்கும். காலை வெயிலு சரிவா விழும்போதுதான் செதுக்குன கோடு எல்லாம் எழும்பி தெரியும், பத்து மணிக்கு மேல எல்லாம் தட்டையாயிரும்.

இதே அடையாளத்த வச்சிக்கிட்டு நாகர்கோவில் நாகராஜா கோவிலுக்கும் போங்க, ஊருக்கே பேரு குடுத்த கோவில். தூண்ல பார்சுவநாதரும் மகாவீரரும் இன்னும் இருக்காங்க, கருவறைக்கு ஓலைக்கூரைதான், ஆடி மாசம் அத மாத்தி வேய்வாங்க. ஆம்பளைங்க சட்டைய கழட்டிட்டுதான் உள்ள போவணும், பகவதி அம்மன் கோவில்லயும் அப்படித்தான்.

சிதறால் மேல நின்னு வடக்க பாத்தா மேற்கு மலை அடுக்கடுக்கா தெரியும். அந்தத் தொடர்ல உள்ள பொதிகை, அகத்தியர் கூடம், 1868 மீட்டர். சீன யாத்ரீகர் யுவான் சுவாங் தெக்க மலகூட நாட்டுல பொதலகன்னு ஒரு மலை உண்டு, அங்க பௌத்தங்க கருணை வடிவமா வணங்குற அவலோகிதேஸ்வரர் இருக்காருன்னு எழுதி வச்சாரு, அது பொதிகைதான்னு சொல்ற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. திபெத்துல லாசா நகரத்து பொதலா அரண்மனைக்கு பேரு வந்தது அந்த பொதலக மலைல இருந்துதான். நம்ம வீரசோழியம்னு 11ஆம் நூற்றாண்டு பௌத்த இலக்கண நூலு, அகத்தியர் தமிழக் கேட்டு கத்துக்கிட்டதே அவலோகிதர்கிட்ட இருந்துதான்னு சொல்லுது. பொதிகைன்னா அகத்தியர்னு மட்டும் கேட்டு வளந்த எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

மழைக்காலத்துல வந்தா

ஜூலை, ஆகஸ்ட்ல வாறவங்க தேரூர் குளத்துக்கும் சுசீந்திரம் குளத்துக்கும் நடுவுல உள்ள வயல் வரப்புல ஒரு தடவ நடந்து பாருங்க. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்துச்சு. அப்போ கன்னிப்பூ நெல்லு வயல்ல நிக்கும். வரப்புல கால வைக்கிற எடமெல்லாம் நண்டுக்குஞ்சு, நத்தை, தவளை, புதுசா மொளச்ச புல்லு. ஒரு அடி பாத்து வைக்காம நடக்கவே முடியாது.

புத்தர் பிக்குகளுக்கு மழைக்காலம் மூணு மாசம் ஒரே எடத்துல தங்கணும்னு விதி வச்சது இதுக்குத்தான். மழைல ஊரு ஊரா நடந்தா பயிரையும் சின்ன உயிருகளையும் மிதிச்சுருவீங்கன்னு ஜனங்க குறை சொன்னாங்க, அவரும் கேட்டுக்கிட்டாரு. வஸ்ஸம்னு பேரு, ஜூலை பௌர்ணமிக்கு மறுநா தொடங்கி அக்டோபர் பௌர்ணமில முடியும், முடிஞ்சதும் ஜனங்க பிக்குகளுக்கு புது துவராடை குடுக்குற விழாவுக்கு 'கட்டின'ன்னு பேரு. புத்தகத்துல படிச்சா இது ஒரு விதி, தேரூர் வரப்புல நின்னா இதுக்க அருமை தானா புரியும். நம்ம கோவில்கள்லயும் ஆடில நிறைபுத்தரிசி, புதுக்கதிர சாமிக்கு வச்சு வீட்டுக்கு கொண்டு வந்து நெலைல கட்டுவோம். எங்க ஆச்சி அந்தக் கதிர அடுத்த ஆடி வரைக்கும் எடுக்க விடமாட்டா.

மார்ச் 20, செப்டம்பர் 22 சுமார்

இது பௌர்ணமி சம்பந்தம் இல்ல, சூரியன் சம்பந்தம். பகலும் ராத்திரியும் சமமா வாற அந்த ரெண்டு நாளும் சூரியன் சரியா கெழக்க உதிச்சு சரியா மேக்க இறங்கும். ஜப்பான்ல அத நடுவுல வச்சு ஏழு நாள் ஹிகன் அனுசரிக்கிறாங்க. ஹிகன்னா அக்கரைன்னு அர்த்தம். அமிதாப புத்தருக்க சொர்க்கமான சுகாவதி மேக்க இருக்குன்னு நம்பிக்கை, அதனால சூரியன் நேர் மேக்க இறங்குற நாள்ல செத்துப்போன சொந்தக்காரங்க கல்லறைய கழுவி பூ வைப்பாங்க, சோறும் செவப்பு பயறும் சேத்து உருண்ட புடிப்பாங்க. செப்டம்பர் ஹிகனுக்கு வயல் வரப்புல செவப்பா ஒரு பூ பூக்கும், அதுக்கு பேரே ஹிகன்பனா. ஆடி அமாவாசைக்கு சங்கமத்துல எள்ளும் தண்ணியும் விடுற கூட்டத்த பாத்து வளந்தவங்களுக்கு இத யாரும் விளக்க வேண்டாம். அந்த நாள்ல சன்செட் பாயிண்ட் பக்கம் போய் ஒரு தடவ பாருங்க, கூட்டமும் இருக்காது.

இலங்கைக்கு வெசாக் பாக்க போறவங்களுக்கு

சுருக்கமா சொல்றேன். தோள், முட்டு மறையிற வெளிர் உடுப்பு. புத்தர் படத்த பச்சை குத்தியிருந்தா மறைச்சிக்கோங்க. புத்தர் சிலைக்கு முதுக காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது, அங்க அது பெரிய தப்பு. பிக்குவுக்கு எது குடுத்தாலும் ரெண்டு கையால குடுங்க, உச்சிக்கு அப்பறம் சாப்பாடு குடுக்க வேண்டாம், அவங்க சாப்பிட மாட்டாங்க. ரோட்டோரத்துல தன்சல்னு பந்தல் போட்டு சோறு, கெழங்கு, சர்பத் எல்லாம் சும்மா குடுப்பாங்க, வெக்கப்படாம வரிசைல நில்லுங்க, வாங்கி சாப்பிட்டா அவங்களுக்கு சந்தோஷம். ஆறு பட்டை போட்ட கொடி எங்கயும் பறக்கும், 1885ல கொழும்புல உருவாக்கினது, நீலம், மஞ்சள், செவப்பு, வெள்ளை, காவி, கடைசி பட்டைல எல்லாம் கலந்து.

வீட்டுல ஒரு வெசாக் கூடு

வெசாக்குக்கு தொங்க விடுற காயித விளக்குதான் வெசாக் கூடு. கொழும்புல நான் தங்கியிருந்த வீட்டுக்கு பக்கத்துல ஒரு அக்கா சொல்லிக் குடுத்தது. கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டிப் பழகுன நம்ம ஊரு கைக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்ல.

மூங்கில ஈர்க்குக் கனத்துக்கு சீவி, 1 அடி நீளத்துல 24 குச்சி எடுங்க. நாலு நாலா சேத்து நூலால கட்டினா ஆறு சதுரம் கெடைக்கும். ஒரு சதுரத்த தரைல வைங்க. அதுக்க நாலு மூலைலயும் ஒவ்வொரு சதுரத்த மூலைக்கு மூலையா கட்டி, வைரம் மாதிரி முனைல நிக்க வைங்க. பக்கத்து பக்கத்து சதுரங்களோட நடு மூலைகள ஒண்ணோட ஒண்ணு கட்டுங்க, அப்போ அது தானா நிக்கும். மிச்சம் உள்ள ஆறாவது சதுரத்த மேல வச்சு நாலு மூலையும் கட்டுங்க. இப்போ சதுரத்துக்கு எடைல பாருங்க, நீங்க செய்யாமலே எட்டு முக்கோணம் வந்திருக்கும். எனக்கு முதல் தடவ அது வந்தப்போ அந்த அக்கா என் மூஞ்சிய பாத்து சிரிச்சது நல்ல ஞாபகம் இருக்கு. மொத்தம் 2 அடி குறுக்களவு வரும்.

சுத்தியுள்ள நாலு சதுரத்துக்கு வெள்ளை டிஷ்யூ காயிதம், முக்கோணத்துக்கு புடிச்ச கலரு. மைதா பசைய தண்ணியா காய்ச்சி குச்சில மட்டும் தடவுங்க, காயிதத்துல பட்டா ஊறி கிழிஞ்சிரும். காயிதத்த ரொம்ப இழுத்து ஒட்டாதீங்க, காஞ்சதும் அதுவே முறுகி டைட் ஆயிரும். மேல சதுரத்த பல்பு எறக்க தொறந்து விடுங்க, கீழ சதுரத்தையும் மூடாதீங்க, சூடு போவணும். கீழ மூலைகள்ல காயிதத்த நறுக்கி குஞ்சம் தொங்க விடுங்க.

எல்ஈடி பல்பு 5 வாட்ஸ் போதும், குண்டு பல்பு போடாதீங்க, காயிதம் கருகிரும். கடக்கரை பக்கம் வீடுன்னா முத்தத்துல தொங்க விடாம திண்ணைக்கு உள்ள மாட்டுங்க, காத்து ஒரு மணி நேரத்துல குஞ்சத்த பிச்சிரும். எங்க வீட்டுல திண்ணை உத்தரத்துலதான் தொங்குது, போன மே மாசத்துக்கு கட்டினது, முக்கோணக் காயிதத்துல ரெண்டு கிழிஞ்சிருக்கு, அடுத்த பௌர்ணமிக்கு முன்னால மாத்தணும்.